வாசல் கொடியில் கால்சட்டை

மேகலா அப்பாவுக்கு,

மேகலாவுக்குக் கல்யாணம் செய்துவைக்க அவளை ஊருக்கு அழைத்துப்போக வரும் உங்கள் அண்ணன், டெல்லி நிஜாமுதீன் ஸ்டேஷனில் இறங்கிவிட்டதாகப் போன் செய்தார். உங்களோடு போனில் பேசினால் நீங்கள் கத்துவீர்கள், நான் அடங்கிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கோல் மார்க்கெட் வீட்டு வேலைக்கு இன்று லீவு சொல்லிவிட்டேன். உங்கள் அண்ணனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு கொதிக்கிறது.

வயசுக்கு வந்த பெண்ணுக்குக் கால்பந்து எதற்கு என்று கேட்டீர்கள். தண்ணீர் லாரியடியில் ஒருவன் கையைப் பிடித்து இழுத்ததிலிருந்து வீட்டுக்குள்ளேயே கிடந்தவள் அவள். இப்போது கோல்கீப்பர். "பின்னாடி நிக்கிறவதாம்மா சத்தம் போட்டு எல்லாரையும் நிறுத்தணும்" என்கிறாள்.

நேற்று அதே ஆள் லாரியடியில் மறுபடியும் வழிமறித்தான். "ஹட் ஜா", தள்ளிப் போடா என்று அவள் போட்ட சத்தத்தில் சந்தே திரும்பிப் பார்த்தது. கூட ஆடும் பெண்கள் குடத்தோடு வந்து அவள் பக்கத்தில் நின்றார்கள். அவன் விலகிப் போனான்.

இப்போது மைதானத்தில் இருக்கிறாள். அவளுக்கு இன்று மேட்ச். போகச் சொன்னது நான்தான்.

அவளுடைய ஆட்டக் கால்சட்டைகளை இத்தனை நாள் என் புடவைக்கு அடியில் மறைத்துத்தான் காயப்போட்டேன். நேற்று ஆடிவிட்டுக் கழற்றியதை இன்று துவைத்து வாசல் கொடியில் போட்டிருக்கிறேன். பொம்பளைத் துணிக்குக் கீழே நடக்க மாட்டேன் என்பாரே உங்கள் அண்ணன்? பசித்தால் குனிந்து வரட்டும். வயிறாரச் சோறு போடுகிறேன். ஊருக்குத் திரும்பும்போது அவரோடு இந்தக் கடிதம் மட்டும்தான் வரும்.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்