தாரன்

1974 ஜூலை 6, சனி.

தலை அரிப்பு தாங்காமல் இன்று கொல்லங்கோட்டு டாக்டரிடம் போனேன். அவர் மலையாளி. என் தோளில் உதிர்ந்திருந்த வெள்ளைத் தூளைப் பார்த்து, “தாரன் உண்டு, அல்லே?” என்றார். எனக்குத் தாரம் என்று காதில் விழுந்தது. மனைவி இருக்கிறாளா என்று கேட்கிறார் போல என நினைத்து, “இல்லீங்க, சித்திரையில தவறிட்டாளுங்க” என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். பொடுகைத்தான் அவர்கள் தாரன் என்கிறார்களாம். மெல்லச் சொன்னார்.

சனிக்கிழமைதோறும் அவள்தான் சீயக்காய் தேய்த்து எண்ணெய் போக அலசிவிடுவாள். அவள் போனபின் எண்ணெய் வைப்பதோடு சரி. அதனால்தான் பொடுகு இவ்வளவு கூடியிருக்கிறது என்றார் டாக்டர். கந்தகக் களிம்பு கொடுத்தார். “பின்தலையில தடவ வீட்டில ஆரெங்கிலும்…” என்று தொடங்கியவர், முடிக்கவில்லை.

கை எட்டிய வரைக்கும் நானே தடவிக்கொண்டேன்.