ஸ்டாண்டையும் சேர்த்து இருபத்தொன்பது

வண்டியை எஃப்.சி. காட்ட வேண்டும் என்று பட்டி பார்த்து பெயின்ட் அடிக்க விட்டிருக்கிறோம். மூன்று நாளாக எனக்கு வேலை இல்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் என் பெண்டாட்டிக்குப் பொறுக்காது. பட்டறைக்குப் போய், என் கண்டக்டர் சீட்டுக்கு அடியில் இருக்கும் தகரப் பெட்டியைக் கொட்டிச் சுத்தம் செய்தேன். அறுந்த விசில் கயிறு, மூடியில்லாத பேனாக்கள், எவனோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு. எல்லாவற்றுக்கும் அடியில், டிக்கெட் கணக்கு எழுதுகிற பழைய டிரிப் ஷீட் ஒன்று. முன்பக்கம் என் கையெழுத்து. பின்பக்கம் உன்னுடையது. இரண்டு உருண்டை, நடுவில் ஒரு ஸ்பிரிங். பக்கத்தில் ஏணிப்படி மாதிரி கோடுகள், மேலே போகப் போக நெருக்கமாக.

பெயின்ட் நெடியில் கண் எரிகிறது என்று பட்டறைக்காரனிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன். பெயின்ட்தான். வேறு என்ன?

நீ கரிக்கலாம்பாக்கத்தில் ஏறுவாய். தலைமுடி ஈரமாக இருக்கும், சட்டைப் பையில் இரண்டு பென்சில் இருக்கும். ஊருக்கே தெரியும், டவுனில் ஒரு கல்லூரியில் நீ கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டர் என்று. இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குக் குடுவை எடுத்துவைத்து, திரும்பக் கழுவிவைக்கிற வேலை. நாற்பத்தைந்து வயதில் உனக்கு எம்.எஸ்ஸி. ஆசை வந்தது, அஞ்சல்வழியில். எல்லாப் பேப்பரும் தாண்டிவிட்டாய். ஒன்றே ஒன்று மட்டும் உன்னை விடவில்லை. பிசிக்கல் கெமிஸ்ட்ரி.

"சம்பளம் ஏறுமாய்யா?" என்று முதல் நாள் கேட்டேன்.

"ஏறாது."

"அப்புறம் இன்னாத்துக்கு இந்த வயசுல?"

"இருவது வருசமா குடுவைய கழுவுறேன். உள்ள இன்னா நடக்குதுன்னு தெரியாமலே சாவறதா?"

அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. பக்கத்தில் இருந்த மீன்கார அக்கா கூடையைத் தட்டித் தட்டிச் சிரித்தது. நீயும்தான் சிரித்தாய். அன்றிலிருந்து உனக்கு என் வண்டியில் 'சயின்டிஸ்ட்' என்று பெயர். "சயின்டிஸ்டுக்கு எடம் வுடுங்கப்பா, நோபல் பரிசு வாங்கப் போய்க்கினு இருக்காரு" என்று நான் கத்தினால், பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட எழுந்து நிற்கும். நீ கூச்சமே இல்லாமல் உட்கார்ந்துகொள்வாய்.

பின்படிக்குப் பக்கத்தில், சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கிற சீட்டு உன்னுடையது. வண்டியிலேயே அதிகம் குலுங்குகிற சீட்டு அது. "குலுக்கலைப் பத்திப் படிக்கிறவன் குலுங்கிக்கினேதான் படிக்கணும்" என்பாய். தாள் கேட்பாய், பழைய டிரிப் ஷீட்டுகளைக் கொடுப்பேன். அதன் பின்பக்கத்தில் கணக்குப் போடுவாய். ஒவ்வொரு பள்ளத்துக்கும் உன் பென்சில் ஒரு கோடு இழுத்துவிடும்.

எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டு விசிலைக் கையில் எடுத்தவன் நான். எனக்கு நீ பாடம் நடத்தவில்லை, சத்தியமாக இல்லை. உனக்கு நீயே சொல்லிக்கொள்வாய். பக்கத்தில் நின்று டிக்கெட் கிழிக்கிறவன் காதில் விழுமா, விழாதா? மூலக்கூறு என்பது ஸ்பிரிங்கில் மாட்டிய இரண்டு குண்டு. அது ஆடிக்கொண்டே இருக்கும். ஆனால் இஷ்டத்துக்கு ஆட முடியாது. அதன் சக்திக்குப் படி உண்டு. இந்தப் படி, இல்லாவிட்டால் அடுத்த படி. நடுவில் நிற்க முடியாது.

"இதுக்கா இத்தனை புஸ்தகம்?" என்றேன். "நானும் ஸ்டாப்புக்கு நடுவுல யாரையும் எறக்கிவிட மாட்டேன்."

நீ சிரிக்கவில்லை. பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாய். அபிஷேகப்பாக்கம் வயல்வெளி ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப இதச் சொல்லு. மேல போவப் போவ படிங்க நெருங்கிக்கினே போவுது. எத்தனை தபா படிச்சாலும் மனசுல நிக்கல."

"நம்ம ரூட்டு மாதிரிதான்யா. பாகூர வுட்டா வயக்காட்டுல ஸ்டாப்பு எட்ட எட்ட இருக்குது. அரியாங்குப்பம் தாண்டிட்டா எட்டு வச்சா ஒண்ணு. கடசீல பஸ் ஸ்டாண்டு. அங்க எறங்கினவன் எங்க போனா நமக்கு இன்னா, அவனவன் இஷ்டம்."

"யோவ்!" என்று நீ போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக் அடித்துவிட்டான். "அதான்யா! கடைசிப் படியத் தாண்டினா பந்தம் அறுந்துபோவும். ரெண்டு அணுவும் அதுஅது இஷ்டத்துக்குப் போயிடும்!"

"எறங்குறவங்க யாராச்சும் இருக்கீங்களா, இல்ல அணு மட்டுந்தான் எறங்குதா?" என்று டிரைவர் முன்னாலிருந்து கேட்டான்.

அதற்குப் பிறகு உன் கணக்கெல்லாம் நம் ரூட்டிலேயே ஓடியது. ஒரு கணக்கு இரண்டு வாரம் நம்மோடு பயணம் செய்தது. முதல் இடைவெளி 2886. அடுத்தது 2782. ஒவ்வொரு படிக்கும் நூற்றிநான்கு குறைகிறது. எத்தனாவது படியோடு முடியும்? நீ சூத்திரம் போட்டுச் சிக்கிக்கொண்டாய். நான் சூத்திரத்தைக் கண்டேனா? பென்சிலை வாங்கி, படிக்கட்டில் நின்றபடியே கழித்துக்கொண்டு போனேன். தவளக்குப்பத்தில் பாதி, முருங்கப்பாக்கத்தில் மீதி. கடைசியில் எழுபத்தெட்டு மிச்சம் நின்றது. அதிலிருந்து நூற்றிநான்கு போகாது. எழுதிய இடைவெளிகளை எண்ணினேன்.

"இருவத்தெட்டு ஸ்டாப்பு. அதோட வண்டி காலி" என்றேன்.

புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டினாய். கடைசிப் படியின் எண், இருபத்தெட்டு. என்னைக் கட்டிப்பிடித்தாய். டிக்கெட் கட்டு கீழே விழுந்து காற்றில் பிரிந்தது.

அந்த வருஷத் தேர்வு உனக்குக் கடைசி வாய்ப்பு. அதிலும் போனால், கெடு முடிந்து, தாண்டிய பேப்பர்களும் சேர்ந்து வீணாகும் என்று சொல்லியிருந்தாய். அன்று காலை உன்னை இறக்கிவிட்டபோது நான் ஒரு கிண்டலும் பண்ணவில்லை, ஞாபகம் இருக்கிறதா? இரட்டை விசில் மட்டும் கொடுத்தேன்.

சாயங்காலம் நீ குதித்துக்கொண்டு ஏறினாய். "வந்துச்சுய்யா! அதே கணக்கு! அதே நம்பரு! யோசிக்கவே இல்ல, இருவத்தெட்டுன்னு போட்டுட்டு வந்துட்டேன்!"

உட்கார்ந்ததும் புத்தகத்தைப் பிரித்தாய், கேள்வித்தாளைப் பக்கத்தில் வைத்தாய். அரியாங்குப்பத்தில் புத்தகத்தை மூடினாய்.

"இன்னாய்யா?"

"கடைசிப் படி எதுன்னு கேக்கல. மொத்தம் எத்தனை படின்னு கேட்டிருக்கான்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லய்யா. படி சைபர்லேந்து ஆரம்பிக்குது. சைபரும் ஒரு படி. மொத்தம் இருவத்தொம்போது."

பஸ்காரன் எவனாவது புறப்படுகிற ஸ்டாண்டை ஸ்டாப்பு என்று எண்ணுவானா? அங்கே இறங்க ஆளே கிடையாது. விசில் கொடுத்த பிறகு வருவதுதான் எங்களுக்கு முதல் ஸ்டாப்பு. அந்தப் பழக்கத்தை நான் உன் தலையில் ஏற்றியிருந்தேன்.

நீதான் சமாதானம் சொன்னாய். பாகூர் ஸ்டாண்டில் நம்ம வண்டி நின்றாலும், செல்ஃப் எடுக்காது என்று பயந்து டிரைவர் இன்ஜினை அணைப்பதில்லை. கம்பியைப் பிடித்தால் கை அதிரும். மூலக்கூறும் அப்படித்தானாம். கீழ்ப்படியில்கூட அது ஒரேயடியாக நிற்காதாம், அரை ஆட்டம் ஆடிக்கொண்டுதான் இருக்குமாம். "நிக்குதுன்னு நெனச்சோம்யா, அதான் வுட்டுட்டோம்" என்றாய். 'வுட்டுட்டேன்' என்று சொல்லவில்லை. 'வுட்டுட்டோம்'. அதுதான் எனக்கு இன்னும் குத்தியது.

அன்றிலிருந்து என் வாய் கட்டிப்போனது. நீ ஏறினால் "வாங்க சார்" என்றேன். சில்லறை இல்லை என்றாலும் முணுமுணுக்கவில்லை. ஒரு வாரம் பொறுத்தாய். எட்டாவது நாள் படிக்கட்டிலேயே நின்று கத்தினாய்.

"இன்னாய்யா நெனச்சிக்கினு இருக்க? செத்தவனுக்குக் குடுக்குற மரியாதையெல்லாம் எனக்குக் குடுக்குற? நான் இன்னும் இருக்கேன்ல? திட்டுய்யா!"

மீன்கார அக்கா, "அட, திட்டித்தான் தொலையேன், மனுசன் கெஞ்சுறாரு" என்றது. திட்டினேன். ஒரு வாரத்துப் பாக்கியையும் சேர்த்துத் திட்டினேன். நீ கண்ணை மூடிக்கொண்டு, கச்சேரி கேட்பவன் மாதிரி உட்கார்ந்திருந்தாய்.

ரிசல்ட் வந்தது. தேற ஐம்பது வேண்டும். நீ வாங்கியது ஐம்பத்தொன்று. வழியெல்லாம் சரியாக எழுதியிருந்ததால் அந்தக் கணக்கிலும் ஏதோ போட்டிருப்பார்கள் என்றாய். அன்று டிரைவர் ஏர்ஹாரனை அழுத்தியவன், தவளக்குப்பம் தாண்டும் வரை கையை எடுக்கவில்லை. மறுநாளும் நீ குடுவைதான் கழுவப் போனாய். ஆனால் ஏறும்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மூன்று வருஷம் அந்த முகத்தோடு வந்தாய். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை என்று போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் போனாயே, என் வண்டியில் ஏறாத நாளாகப் பார்த்து. கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்கு நான்தான் சொல்லிவைத்தேன். உன் பெயரைவிட எம்.எஸ்ஸி. பெரிதாக இருக்க வேண்டும் என்றேன். கடைக்காரன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அப்படியே அடித்துக் கொடுத்தான். உன் வீட்டு வாசலில் எல்லோரும் 'அன்னார்', 'அமரர்' என்று பேசினார்கள். எனக்கு ஆளே மாறிப்போன மாதிரி இருந்தது.

உன் வீட்டுக்காரி இப்போது ஃபேமிலி பென்ஷன் விஷயமாக மாதம் இரண்டு தடவை நம் வண்டியில் டவுனுக்குப் போகிறது. முதல் தடவை ஏறியபோது, "உட்காருங்கம்மா, சார் ரொம்ப நல்லவரு" என்று ஆரம்பித்தேன்.

"அண்ணே, எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு" என்றது. "வூட்டுக்கு வந்தா, இன்னிக்கு நீங்க இன்னா சொல்லித் திட்டினீங்கன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. அதுல ரெண்டு சொல்லுங்க."

கரிக்கலாம்பாக்கத்தில் ஆரம்பித்தேன். உன் ஈரத்தலை, உன் பென்சில், நீ சில்லறை தேடுகிற அழகு, ஒன்றையும் விடவில்லை. அது ஜன்னல் பக்கம் திரும்பி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தது. தவளக்குப்பம் வந்தும் நான் நிறுத்தவில்லை. உனக்கான திட்டையெல்லாம் சுமக்கிறேன்யா, மூட்டை மூட்டையாக வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் பெயின்ட் காய்ந்து வண்டி ரூட்டுக்கு வந்ததும், உன் வீட்டுக்காரி ஏறும். அன்றைக்கும் உன்னைத் திட்டுவேன்.