ஒரு சொட்டுதானே சிஸ்டர்

சிஸ்டர்,

முந்தாநாள் செல்வி ஓர் ஊறுகாய் பாட்டிலில் சித்தேரி மலைத்தேன் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். மூடியைத் திறந்ததும் புகையும் மெழுகும் கலந்த வாசனை. மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். நான் வந்து சேனை வைக்க வேண்டுமாம். "எம் மகளுக்கும் நீங்கதானுங்களே வெச்சீங்க, மறந்துட்டீங்களா சார்?" என்றாள். மறக்கவில்லை. உயிரோடு இருந்திருந்தால் நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

பிறந்த குழந்தையின் நாக்கில், ஊரில் மதிப்பான ஒருவர் விரலால் தொட்டு வைக்கும் முதல் இனிப்புதான் சேனை. வைப்பவரின் குணமும் அறிவும் குழந்தைக்கு வந்துவிடும் என்பது நம்பிக்கை. இண்டூர்ப் பக்கத்து அந்த ஊரில் அப்போது நான் தலைமை ஆசிரியன். ஆகவே அந்தப் பொறுப்பும் என்னிடமே வந்தது. என் அறிவை யாரும் பரிசோதித்துப் பார்க்காததால் அது என்னிடமே நிலைத்தும் விட்டது.

செல்விக்கு மகள் பிறந்த ஆண்டு தாய்ப்பால் வாரக் கூட்டத்துக்கு என்னைத் தலைமை தாங்க அழைத்தீர்கள். கிராம நர்ஸ் பேசினால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள், வாத்தியார் பேசினால் உட்கார்ந்திருப்பார்கள் என்று கணித்திருந்தீர்கள். அங்கன்வாடி வாசலில் நாற்பது நிமிடம் பேசினேன். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட ஒரு சொட்டு வேண்டாம் என்றேன். பெண்கள் கைதட்டினார்கள். பிறகு, போட்ட துண்டைக்கூடக் கழற்றாமல் செல்வி வீட்டுக்குப் போய், பிறந்து மூன்று நாளான அவள் மகளின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்தேன். எனக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. கூட்டத்தில் பேசியது உணவைப் பற்றி. இது மரியாதை.

ஒரு வாரத்தில் குழந்தைக்குக் கழிச்சல் கண்டது. அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டுபோனதை மடியில் போட்டுக்கொண்டு, செல்வியையும் ஏற்றி, தக்காளி வண்டியில் தர்மபுரிக்கு ஓடினீர்கள். பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லவே ஆஸ்பத்திரியில் நான்கு நாள் ஆயிற்று. ஊர் திரும்பியதும் நேராகப் பள்ளிக்கு வந்தீர்கள்.

"சார், அன்னைக்குக் கூட்டத்துல பேசுனது நீங்கதானுங்களா?"

"நான்தான்."

"அப்ப செல்வி வூட்டுக்குப் போனது யாருங்க, உங்க அண்ணனுங்களா?"

"ஒரு சொட்டுதானே சிஸ்டர்" என்றேன்.

"நீங்க வெச்சது ஒரு சொட்டுதானுங்க. சாரே வெச்சிட்டாருன்னு, புள்ள அழுவுறப்பல்லாம் அதே தண்ணியில துணிய நனச்சு வாயில வெச்சிருக்காங்க. புள்ள அத சப்பிட்டுப் பால் குடிக்காம தூங்கிருக்கு. குடிக்காம போனதுல செல்விக்கும் பாலு கொறஞ்சுபோச்சு."

இனி யார் வீட்டுக்கும் போக மாட்டேன் என்று வீரமாக அறிவித்தேன். அந்தச் சௌகரியத்தையும் நீங்கள் எனக்குத் தரவில்லை.

"நீங்க போவலீன்னா வேற ஆளக் கூப்புடுவாங்க. நீங்களே போங்க. புள்ள நாக்குல வேணாம், பெத்தவ நாக்குல வைங்க. பால் வழியா புள்ளைக்கு எறங்கும்னு சொல்லுங்க."

"இது எந்தப் புத்தகத்துல இருக்குது?"

"எதுலயும் இல்லீங்க. வண்டியில வர்றப்ப யோசிச்சது."

அப்படியே செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு, எதுவும் பெற்றவள் வழியாகத்தான் இறங்கும் என்று நான் சொன்னால் ஒருவரும் ஆதாரம் கேட்கவில்லை. நீங்கள் வீடு வீடாகச் சொல்லித் திட்டு வாங்கிய விஷயம் என் வாயில் சாஸ்திரமாகிவிட்டது. அடுத்தடுத்த கூட்டங்களில் எனக்குச் சால்வை போட்டார்கள். நீங்கள் பின்னால் நின்று எடை பார்க்கும் தராசைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

முந்தாநாள் செல்வியிடம், அன்று குழந்தை துவண்டது நான் வைத்த சொட்டால்தான் என்ற உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். அவள் முடிக்க விடவில்லை.

"தெரியுமுங்க சார். நர்சம்மா ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க. சாருகிட்ட காட்டிக்காத, அவரு இன்னும் எத்தனையோ வூட்டுக்குப் போவ வேண்டியவருன்னாங்க."

குழந்தையைப் பறிகொடுக்க இருந்தவளும், அதைக் காப்பாற்றிய நீங்களும் சேர்ந்து இத்தனை வருடம் என் பெயருக்குக் காவல் இருந்திருக்கிறீர்கள். அந்த நல்ல பெயரைத்தான் இப்போது சுமந்துகொண்டிருக்கிறேன். கனமாக இருக்கிறது, சிஸ்டர்.

நேற்று போனேன். செல்வியின் மகள் நல்லம்பள்ளியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, ஊர் வழக்கம் தெரிந்தவளாக, தன் நாக்கை நீட்டினாள். நான் விரலை நனைக்கவில்லை. ஒரு குழந்தையின் கதையைச் சொன்னேன். தொட்டு வைத்த கை என்னுடையது என்பதையும் சொன்னேன்.

"அப்புறம் அந்தப் பாப்பாவுக்கு என்னாச்சுங்க சார்?"

"எம் முன்னால ஒக்காந்திருக்கும்மா."

குழந்தை சிணுங்கியது. அவள் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை, குழந்தைக்குப் பசி. எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.