இரண்டாவது கையெழுத்து

மார்ச் 3, செவ்வாய்

பல்வலி. நேரமில்லை என்று எனக்கே சாக்குச் சொல்லி ஒரு வாரம் ஓட்டியாகிவிட்டது. அலுவலகத்தில் பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றச் சொல்லி உத்தரவு. கைரேகைப் பிரிவில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவள் என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு நாளைக்கு முப்பது கோப்பு. தும்மித் தும்மியே பொழுது போகிறது.

மார்ச் 5, வியாழன்

இன்று ஏற்றியதில் ஒரு கொலை வழக்கு, பன்னிரண்டு வருடம் பழையது. தனியாக இருந்த துணிக்கடைக்காரரை வீட்டிலேயே அடித்துக் கொன்றிருந்தார்கள். ஜன்னல் கண்ணாடியில் இருந்த ஒரே ஒரு ரேகை, குழாய் வேலை செய்யும் ஒருவருடையது என்று எங்கள் அறிக்கை. ஆயுள் தண்டனை. அறிக்கையில் முதல் கையெழுத்து, நாங்கள் லென்ஸ் சார் என்று கூப்பிடும் அப்போதைய பிரிவுத் தலைவர். இரண்டாவது நான்.

இரண்டு படங்களையும் திரையில் பெரிதாக்கினேன். ஒன்பது இடத்தில் ஒத்துப்போகிறது. பத்தாவது இடத்தில், கண்ணாடி ரேகையில் கோடு இரண்டாகப் பிரிகிறது. அவர் விரலில் அதே கோடு பிரியாமல் நேராகப் போகிறது.

கண் அசதியாக இருக்கும். நாளை பார்க்கலாம்.

மார்ச் 6, வெள்ளி

பிரிகிறது.

மார்ச் 9, திங்கள்

மை அப்பியது, கண்ணாடியில் அழுக்கு, விரலில் தழும்பு — எந்தச் சமாதானமும் ஒட்டவில்லை. விளக்க முடியாத ஒரு வித்தியாசம் இருந்தாலே வேறு ஆள். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது.

அன்று எப்படித் தவறவிட்டேன்? பார்த்திருந்தால்தானே தவறவிட! எங்கள் வழக்கம் அப்படி. முதலில் பார்ப்பவர் படத்தின் மூலையில் பென்சிலால் டிக் போட்டு அனுப்புவார். டிக் இருந்தால் ஒரே ஆள். இரண்டாவது ஆள், ‘தனியே ஆய்ந்து உறுதி செய்தேன்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவார். லென்ஸ் சார் கண்ணையே சந்தேகப்படுவதா? டிக்கைப் பார்த்தேன், போட்டேன். கோர்ட்டில் ஏறி நின்று ‘நூறு சதவீதம்’ என்று வேறு சொன்னேன். அடிப் பாவி, என்ன வேல பண்ணி வச்சிருக்க!

மார்ச் 10, செவ்வாய்

லென்ஸ் சாருக்குப் போன் செய்தேன். ஓய்வு பெற்று ஏழு வருடமாகிறது. குரல் தேய்ந்துவிட்டது. பத்தாவது இடத்தைச் சொன்னேன்.

“ஏம்மா, அவன் ஒத்துக்கிட்டான்னு போலீஸ்ல சொல்லித்தான் படத்தையே குடுத்தாங்க. அப்புறம் ரேகை வேற யாருதா இருக்கும்?”

அவர் பொய் சொல்லவில்லை. அவன்தான் என்று கேட்டுவிட்டுப் பார்த்த கண்ணுக்கு அது நிஜமாகவே ஒரே ரேகையாகத் தெரிந்திருக்கிறது. நினைக்க நினைக்க அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

உதவி இயக்குநரிடம் விஷயத்தைச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். “மேடம், அந்த ஆளு நன்னடத்தைல அடுத்த வருஷம் எப்படியும் வெளிய வந்துடுவாரு. இப்ப இதக் கெளப்பினா உங்க கையெழுத்து இருக்கற அத்தனை கேஸையும் தோண்டுவாங்க. எத்தனை இருக்கும்?”

ஆயிரத்துக்கு மேல் இருக்கும் என்றேன்.

“அதான் சொல்றேன்.”

ஒரு வருடம்தானே என்று எனக்கும் தோன்றியது. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 30, திங்கள்

இரண்டு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. பல்லைச் சாக்காகச் சொன்னேன். என் வீட்டுக்காரர் நம்பவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன்.

இவர் துணி மடித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார். “எழுதினா உன்ன நாறடிப்பாங்க. எழுதலன்னா நீ இப்படியே மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு என் உசிர எடுப்ப. எழுதித் தொலை.”

கோர்ட்டுக்கும் குழாய் வேலைக்காரருடைய வக்கீலுக்கும் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். நான்கு முறை கிழித்து.

ஏப்ரல் 22, புதன்

கேன்டீனில் என் மேஜைக்கு யாரும் வருவதில்லை. பல்லைப் பிடுங்கியாகிவிட்டது.

ஜூன் 18, வியாழன்

கோர்ட். அரசு வக்கீல் என்னைப் பிடி பிடி என்று பிடித்தார். “அன்னைக்குப் பொய் சொன்னீங்களா, இன்னைக்குப் பொய் சொல்றீங்களா?”

“அன்னைக்குப் பொய் சொல்லணும்னு சொல்லலீங்க. பாக்காமலே பாத்தேன்னு சொன்னேன்.”

பொய்க்கு வேறு பெயர் தேடுகிறேனோ?

குழாய் வேலைக்காரர் தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைவிட எட்டு வயது சின்னவர். காவலர்கள் அழைத்துப் போகும்போது என் பக்கத்தில் நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“நான் அந்த வீட்டுக்கே போனதில்லம்மா,” என்றார்.

கோப்பில், கைதான அன்றைய வாக்குமூலத்தில் முதல் வரியும் இதுதான். அதையும் நான் அன்று படிக்கவில்லை.

ஜூலை 2, வியாழன்

விடுதலை. வக்கீல் போனில் சொன்னார். அந்தக் கண்ணாடி ரேகை யாருடையது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. நான் அழுதேன். நிம்மதியில் அல்ல.

ஜூலை 20, திங்கள்

தபாலில் பதினேழு கடிதங்கள், எல்லாம் சிறைகளிலிருந்து. ‘என் கேஸையும் ஒரு தடவை பாருங்கம்மா.’ சிலர் அடியில் விரலில் மை தொட்டு ரேகையும் வைத்திருக்கிறார்கள்.

இதில் எத்தனை பேர் நிஜமாகவே செய்தவர்கள்? எனக்குத் தெரியாது. தெரியும் என்று பதினேழு பேருக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

முதல் கடிதக்காரரின் கோப்பை எடுத்தேன். மூலையில் இருந்த டிக்கைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு காலை முழுக்கப் பார்த்தேன். மத்தியானம் மறுபடி பார்த்தேன். அவருடைய ரேகைதான். அவருக்கு என்னவென்று பதில் எழுதுவது?

இரண்டாவது கோப்பை எடுத்தேன்.