அரையிறுதியில் ஊதிய சங்கு

காலையில் பங்காருபேட்டையில் பெங்களூர் வண்டி கிளம்பியதும் பின் சீட்டில் யாரோ டிபன் டப்பாவை ஆட்டினார்கள். உள்ளே கரண்டியோ என்னவோ கடகடவென்று உருண்டது. நான் சட்டென்று திரும்பிவிட்டேன். "வந்துட்டியாடா" என்று வாய் வரை வந்துவிட்டது. பக்கத்திலிருந்த பெண், "இன்னாக்கா தேடறீங்க?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். தம்பி, உள்ளே இரும்புக் குண்டுகள் போட்ட உன் வெள்ளைப் பந்தை நீ வீடு முழுக்க உருட்டிக்கொண்டு திரிவாய். சத்தம் தாங்காமல், தூக்கிச் சாக்கடையில் போடுகிறேனா இல்லையா பார் என்று நான் மிரட்டாத நாளே கிடையாது. இப்போது யாருடைய டப்பா ஆடினாலும் என் கழுத்து திரும்புகிறது.

குழந்தையில் வந்த காய்ச்சலில் உனக்குக் கண் போயிற்று. காது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து உனக்கே கிடைத்தது. தங்கச் சுரங்கத்துக் குடியிருப்பான ஸ்கெலட்டனில் நம் லைன் வீட்டுப் பெண்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஷிப்ட் மாறும் நேரம் தவிர வேறு நேரத்தில் சங்கு ஊதினால், சுரங்கத்துக்குள் யாருக்கோ ஆபத்து. அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். ஒருத்தரும் நடக்கமாட்டார்கள், பேசமாட்டார்கள். ஆட்களை உள்ளே இறக்கும் குழிதான் ஷாப்ட்டு, ஒவ்வொரு ஷாப்ட்டுக்கும் ஒரு சங்கு. எது எதனுடையது என்று பிரித்துச் சொல்ல உன்னால்தான் முடியும். "எந்த ஷாப்ட்டுப்பா?" என்று உன்னைத்தான் கேட்பார்கள். நீ முகத்தை உயர்த்தி, கைகளைத் தொங்கவிட்டு, சங்கு அடங்கும் வரை நிற்பாய். பிறகு பெயரைச் சொல்வாய். அந்த ஷாப்ட்டில் ஆள் இல்லாதவர்கள் நெஞ்சைத் தடவிக்கொண்டு உள்ளே போவார்கள். ஆள் இருப்பவர்கள் ஓடுவார்கள்.

ஒரு நாள் நீ வாயே திறக்கவில்லை. சங்கு அடங்கிவிட்டது. லைன் முழுக்க உன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. அம்மா உன் தோளைப் பிடித்து உலுக்கி, "எந்த ஷாப்ட்டுடா, சொல்லித் தொலையேன்டா" என்று கத்தினாள். "நம்ப அப்பாதுமா" என்றாய். அப்பாவைச் சாயங்காலம் ஆள் ஏற்றும் இரும்புக் கூண்டில், கேஜில், மேலே கொண்டுவந்தார்கள். முகத்தை மூடியிருந்தார்கள். அதற்குப் பிறகு பல மாதம் நீ என்னிடம் ஒன்றையே கேட்டாய். "நான் வேற ஷாப்ட்டு பேரைச் சொல்லியிருந்தா இன்னாக்கா ஆயிருக்கும்?" ஒன்றும் ஆகியிருக்காது, பைத்தியம் மாதிரி பேசாதே என்று அதட்டினேன். நீ நம்பவில்லை என்று எனக்குத் தெரியும்.

பெங்களூரில் பார்வையற்றோர் பள்ளிக்குப் போய் கிரிக்கெட் பிடித்துக்கொண்டு வந்தாய். சுரங்கத்தை மூடுவதற்குச் சில வருடம் முன்பு பார்வையற்றோர் இந்திய அணிக்கே உன்னை எடுத்தார்கள். பல நாட்டு அணிகள் வரும் போட்டி, வடக்கே ஏதோ ஒரு பெரிய ஊரில். துணைக்கு நான் வந்தேன். நீலச் சட்டையைப் போட்டதும் அதைக் கழற்றவே மாட்டேன் என்றாய். நாறப்போகிறது, துவைக்கக் கொடுடா என்று மல்லுக்கு நின்று வாங்கினேன். உனக்குப் பக்கத்துக் கட்டில் ஆம்பூர் பாஸ்கருக்கு. அவருக்கு நிழல் மாதிரி கொஞ்சம் தெரியும். உங்கள் அணியின் பந்துவீச்சாளர். நீங்கள் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டீர்கள். "பாஸ்கரண்ணன் போட்டா நான் புடிப்பேன்க்கா, கப்பு நம்புளுதுதான்" என்றாய். அந்தக் கப்பைத் தவிர அப்போது உனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அரையிறுதி. எதிரணிக்குக் கடைசி ஜோடி ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பவுண்டரி அடித்தால் அவர்கள், ஒரு விக்கெட் விழுந்தால் நாம். பந்தின் சத்தம் கேட்க வேண்டும் என்று பார்க்க வந்த கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. பாஸ்கர் தரையோடு உருட்டிப் போட்டார். அடித்தவன் தூக்கிவிட்டான். ஒரு தடவை குத்தி உன் நெஞ்சுக்கு நேராக வந்தது. உன்னைப் போல் முழுக்கப் பார்வை இல்லாதவர்கள் ஒரு குத்துக்குப் பிறகு பிடித்தாலும் அவுட். பயிற்சியில் கையைக் குவித்து நீ பிடித்துக்கொண்டே இருந்த பந்துதான் அது.

அந்த நேரம் பார்த்து மதிலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பாக்டரியில் சங்கு ஊதியது.

நான் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். நீ முகத்தை உயர்த்தினாய். குவித்திருந்த கைகள் கீழே தொங்கின. பந்து உன் இடுப்பை உரசிக்கொண்டு கடகடவென்று எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடியது. எதிரணிக்காரர்கள் கூச்சல் போட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நீ நின்றது நின்றபடியே இருந்தாய். அத்தனை பேர் இருந்த அந்த மைதானத்தில், நீ எதற்காக நின்றாய் என்று எனக்கு ஒருத்திக்குத்தான் தெரிந்தது.

சங்குச் சத்தத்தில் பந்து கேட்டிருக்காது என்று மற்றவர்கள் உனக்காகப் பேசினார்கள். பாஸ்கர் ஒப்புக்கொள்ளவில்லை. "எனக்கே கேட்டுச்சு, அவனுக்குக் கேக்கலியா? கையத் தொங்கப் போட்டுனு நிக்கறான்" என்றார். கட்டிலை மாற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் உன்னோடு பேசவில்லை.

திரும்பி வரும் ரயிலில் நீயாகவே சொன்னாய். "பந்து நல்லாக் கேட்டுச்சுக்கா. எந்த ஷாப்ட்டுன்னு பாத்துனு இருந்தேன். இந்த வாட்டி தப்பாச் சொல்லிடக் கூடாதுன்னு நின்னுட்டேன்."

"அதை பாஸ்கர் கிட்ட சொல்லுடா" என்றேன்.

"தோத்ததுக்கு அப்பாவச் சாக்கு சொல்லச் சொல்றியா? நீயும் சொல்லக் கூடாது. என் தல மேல கை வச்சி சொல்லு."

கை வைத்தேன். அடுத்த அணியில் உன் பெயர் இல்லை. யாரும் காரணம் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

பிறகு சுரங்கத்தையே மூடினார்கள். நீ திசை பிடித்து நடந்த ஷிப்ட் சங்கும் நின்றது. வேலை போனவர்கள் எல்லாம் வாசலில் உட்கார்ந்து அழுதார்கள். நீ மட்டும் தெருவில் வழி தெரியாமல் நின்றாய். "எந்தப் பக்கம் இன்னா கீதுன்னே தெரியலக்கா" என்றாய். மஞ்சள் காமாலை வந்தது அதே வருடம். மருந்துக்கு அலைந்தோம். படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு எதையோ உற்றுக் கேட்டுக்கொண்டே இருந்தாய். என்னடா கேட்கிறாய் என்றால் கையை உயர்த்தி, பேசாதே என்பாய். அந்தக் கை எனக்கு இன்னும் கனவில் வருகிறது.

நீ போன மூன்றாம் நாள் பாஸ்கர் வந்தார். உன் நீலச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏன்க்கா அன்னிக்கு அப்டி நின்னான்? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பேசாம இருந்திருப்பனா?" என்று அழுதார். சொல்லிவிட்டேன். லைன், சங்கு, அப்பா, எல்லாவற்றையும். உன் தலைமேல் வைத்த கையை எடுத்துவிட்டேன். கோபம் இருந்தால் வா, வந்து என்னோடு சண்டை போடு. நான் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

அவர் சட்டையைத் தடவித் தடவி மடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்புறம்? எந்த ஷாப்ட்டுன்னு கண்டுபுடிச்சானாக்கா?"

ரயிலில் அத்தனை மணி நேரம் உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேனே, அதை மட்டும் உன்னிடம் கேட்கத் தோன்றவில்லை. அது வெளியூர்ப் பாக்டரிச் சங்குதானே, அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். நீயோ அங்கே ஒரு பெயரைத் தேடிக்கொண்டு நின்றிருக்கிறாய்.

பெங்களூரில் நான் வேலை செய்யும் தையல் கம்பெனிக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு சங்கு மத்தியானத்தில் ஊதுகிறது. சாப்பாட்டுக்குப் போகிறவர்கள் இடித்துக்கொண்டு போவார்கள். "நடங்கம்மா" என்று திட்டுவார்கள். அது அடங்கி, நீ பெயரைச் சொல்லும் வரை எனக்குக் கால் வராது. சொல்லு கண்ணு. எந்த ஷாப்ட்டு?