நீ என்னோடு போடாத சண்டை

இன்று பூஜை அலமாரியைத் துடைக்கும்போது சூட டப்பாவுக்குள் நம் ஜப்பான் விளையாட்டின் சிடி கிடைத்தது. இந்தத் தீவு நாட்டில், நம் லாமியில் பெய்கிற மழைக்குப் பூஞ்சை பிடித்துவிடும் என்று நீதான் அதைச் சூடத்தோடு வைத்தாய். வாசனை இன்னும் போகவில்லை. நீ ஆக்லாந்தில் கண்ணை மூடி ஒரு மாதம் ஆகிறது.

உயிரோடு இருந்தாலும் இதை நீ படித்திருக்க மாட்டாய். இந்த நாட்டிலேயே, லம்பாசாவில் பிறந்த உனக்குத் தமிழ் வாயில்தான் வரும், அதிலும் பாதி ஹிந்தி. திருச்சியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த என்னை முதலில் ‘பாபி’ என்றுதான் கூப்பிட்டாய். அண்ணி என்று சொல்ல வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆட்சியைக் கவிழ்த்த அந்த வருஷம், தலைநகர் சூவாவில் கடைகள் எரிந்த பிறகு, ஊரடங்கில் உன் அண்ணனின் உதிரிபாகக் கடை பூட்டிக் கிடந்தது. கடைக் கணக்குக்கு வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது. நீ ஆஸ்பத்திரி வேலைக்காக எங்களோடு தங்கியிருந்தாய். டியூட்டி இல்லாத நாளெல்லாம் நாம் இரண்டு பேரும் ஜப்பானில்தான். ஆளுக்கொரு குலம், இருப்பதோ ஒரே கம்ப்யூட்டர். நீ படையை நகர்த்தும்போது நான் பார்க்கக் கூடாது. முதுகைக் காட்டிக்கொண்டு மரவள்ளி உரிப்பேன். உன் அண்ணன் ரேடியோவை விட்டு நகர மாட்டார். நாட்டை யார் ஆள்கிறார்கள் என்று அவருக்குக் கவலை, கியோத்தோவை எப்போது பிடிப்போம் என்று நமக்குக் கவலை.

அந்த விளையாட்டில் இரண்டு குலங்கள் உடன்படிக்கை செய்தால் பிள்ளையைப் பிணையாக அனுப்ப வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் வேலையாக உன் மகளை என் கோட்டைக்கு அனுப்பிவிடுவாய். “நம்ம ரெண்டு பேருக்குள்ள லடாய் வேணாம் அண்ணி,” என்பாய். மற்ற குலங்களையெல்லாம் சேர்ந்து ஒழித்து நாம் இருவர் மட்டும் மிஞ்சியதும் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்குவாய். எனக்குப் பெருமை தாங்காது. நாத்தனார் என்றாலே முகம் சுளிக்கிற சிநேகிதிகளிடம் உன்னைப் பற்றிச் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன்.

அப்புறம் நியூசிலாந்துக்காரர்கள் நர்ஸ்களை வாரிக்கொண்டு போன காலம் வந்தது. நீயும் போனாய். எனக்கும் போக ஆசைதான். உன் அண்ணன் கடையை விட மாட்டேன் என்றுவிட்டார். விமான நிலையத்தில் நான் அழுத அழுகையில் பாதி பிரிவுக்கு, பாதி பொறாமைக்கு.

அங்கே உன் வார்டில் வேலை பார்க்கும் ஒருத்தியோடு இன்டர்நெட்டில் அதே விளையாட்டை ஆடுவதாகப் போனில் சொன்னாய். போன வாரம் அவள் என்னை அழைத்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். நீ அவள் கோட்டைகளைக் கொளுத்துவாயாம். அறுவடைக்கு முன்னால் பார்த்து நெல்வயலில் படையை இறக்குவாயாம். ஜெயித்துவிட்டு வாரம் முழுக்கச் சொல்லிக் காட்டுவாயாம். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட உடன்படிக்கைக்கு வரவில்லையாம். என்னோடு ஒரு நாளும் சண்டை போட்டதில்லையே என்றேன், கொஞ்சம் மிதப்பாகத்தான். அவள் கள்ளமில்லாமல் பதில் சொன்னாள். நீயே அவளிடம் சொல்லியிருக்கிறாய்: “அண்ணன் வீட்ல தங்கிக்கிட்டு அண்ணிய எப்படி ஜெயிக்கிறது?”

எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. நான் பாசம் என்று நினைத்ததில் பாதி, சோறு போடுகிறவளுக்குக் காட்டிய மரியாதை. உன் முரட்டுத்தனம், உன் கொக்கரிப்பு எல்லாவற்றையும் யாரோ ஒருத்தி பார்த்திருக்கிறாள். உனக்குப் பார்த்துப் பார்த்து மீன் குழம்பு வைத்தவள் நான். நீ கிடைத்தது அவளுக்கு.

தன்னோடு நான் ஆட வருவேனா என்று கடைசியில் கேட்டாள். உன் தந்திரமெல்லாம் தனக்கு அத்துப்படி என்றாள். அந்த வார்த்தையும் சுட்டது. சரி என்றுவிட்டேன். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை, பிடிக்கப் போவதுமில்லை. ஆனால் நீ எப்படி அடிப்பாய் என்று தெரிந்துகொள்ள, அவளிடம் அடி வாங்குவதைத் தவிர வேறு வழியை நீ எனக்கு விட்டுவைக்கவில்லை.