பைகளை வழியில் கொடுத்துவிடாதே

அன்பு மகனுக்கு,

சொல்வது அம்மா, எழுதுவது உன் தங்கை. இங்கே நாங்கள் மூவரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டு, நன்றாகவே இருக்கிறோம். நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாயா என்பதுதான் தெரிய வேண்டும். போனமுறை பேசும்போது இரண்டு தடவை இருமினாய், கேட்டால் தூசி என்றாய், வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறவனுக்கு எங்கிருந்து வரும் தூசி? அப்பாவுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர், அவர் டாக்டரையே குறைத்துவிட்டார், இந்த மாதம் போகவே இல்லை. கடையில் பெரிய தையல் மிஷினுக்கு மோட்டார் மாற்றினோம். தங்கை இப்போது சட்டைக் காலர் தனியாகத் தைக்கிறாள், நான் பிரித்துத் தைக்க வேண்டியதில்லை. இதை எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்தாள், எழுது என்று சொல்லி எழுத வைத்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். தங்கை இதைப் படம் எடுத்து உன் போனுக்கும் அனுப்புவாள். நாங்கள் தைத்து அனுப்பிய சுருக்குப்பைகள் வந்து சேர்ந்துவிட்டன என்றாயே, அவற்றை நீ மலை ஏறப் போகிற வழியில் எந்தக் குழந்தைக்கும் கொடுத்துவிடாதே. நான்தான் தைத்தேன், நான்தான் மிட்டாயும் பென்சிலும் போட்டுக் கட்டினேன், இப்போது நானே வேண்டாம் என்கிறேன், உனக்குக் குழப்பமாக இருக்கும். பொறுமையாகப் படி.

மலைப்பாதையில் சின்னச் சின்ன ஊர்கள் வருமாம், குழந்தைகள் ஓடி வருவார்களாம், வெறுங்கையோடு போகக் கூடாது என்று நீ சொன்னபோது எனக்கு மனசு குளிர்ந்துபோனது. பிள்ளையை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறோம் என்று அப்பாவிடம் பெருமை பேசினேன். அவர், "அவன் மலை ஏறப் போறானா, மளிகைக் கடை வைக்கப் போறானா?" என்றார், நான் காதில் வாங்கவில்லை. கடையில் மிஞ்சிய வெட்டுத் துணிகளை எடுத்து, ஒன்றைப் போல ஒன்று இல்லாமல் தைத்தோம். ஜிகினாத் துணியில் கொஞ்சம், பூப்போட்டதில் கொஞ்சம், பேன்ட் துணியில் மீதி. பார்க்க அழகாக இருக்கும் என்றுதான் அப்படிச் செய்தேன். தையல் கோணிப்போனவற்றை உனக்கு அனுப்ப மனம் வராமல் இங்கேயே வைத்துக்கொண்டேன். சும்மா கிடக்கிறதே என்று ஒருநாள் சாயங்காலம் அதிலும் மிட்டாய் போட்டு, கடைப் படியில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ஜிகினாப் பை ஒன்றுதான் இருந்தது. அதைப் பெரிய பிள்ளை பிடுங்கிக்கொண்டது, இன்னொன்று அதன் முடியைப் பிடித்தது, படியெல்லாம் மிட்டாய்த்தாள். மறுநாள் கேட்காமலே வந்து கையை நீட்டினார்கள், அதற்கு மறுநாள் அடுத்த தெருப் பிள்ளைகளும் வந்தார்கள். இல்லை என்றால் "நேத்து இருந்துச்சே ஆன்ட்டி, எங்க ஒளிச்சு வச்சீங்க?" என்று மிஷினுக்கு அடியில் குனிந்து பார்க்கிறார்கள். எதிர்ச் சலவைக் கடை அக்காவின் பெண் இருக்கிறாளே, வாய் ஓயாமல் பேசுவதால் சில்வண்டு என்று நீ பெயர் வைத்தவள், அவளுக்குக் கிடைத்தது காக்கி பேன்ட் துணிப் பை. அவள் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "உங்ககிட்ட பளபளா பை இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். நாங்களும் சிரித்தோம், நான் மட்டும் இல்லை, அவள் அம்மாவும் சிரித்தாள்.

போன வாரம் தெருமுனையில் ஒரு வேன் நின்றது. அதை ஓட்டி வந்தவனிடமும் கேட்டிருக்கிறாள். அவன், "உள்ள நிறைய இருக்கு, ஏறி எடுத்துக்கோ" என்றானாம். பட்டன் வாங்கப் போன உன் தங்கை திரும்பி வரும்போது பார்த்திருக்கிறாள், சில்வண்டு ஒரு காலை வேன் படியில் வைத்துவிட்டாள். உனக்குத்தான் உன் தங்கையைத் தெரியுமே, அளவு எடுக்க வருகிறவர்களிடம் கையைத் தூக்குங்கள் என்று சொல்லவே கூச்சப்படுகிறவள். அவள் கத்திய கத்தலில் நான் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினேன். சில்வண்டு காலைக் கீழே எடுத்ததும் அவன் கதவைச் சாத்திக்கொண்டு போயே போய்விட்டான். அவன் கெட்டவனா, விளையாட்டுக்குச் சொன்னவனா, இதுவரை தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை, அந்தப் பிஞ்சுக்கு எப்படித் தெரியும்? தெரியாதவர்கள் பை கொடுப்பார்கள் என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்தது நான்தானே?

சலவைக் கடை அக்கா என்னோடு சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு, "நல்ல மனசுலதான் குடுத்தீங்க, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? பெத்தவ நான் எதிர்லயேதானே நிக்கிறேன்?" என்றாள்.

அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்த மலைப்பாதைதான். என்ன பயம் என்று கேட்பாய், "நான் என்ன பிள்ளை பிடிக்கிறவனா?" என்றும் கேட்பாய். நீ இல்லை ராசா. உன்னிடம் வாங்கிப் பழகிய குழந்தை உனக்குப் பின்னால் வருகிறவனிடமும் ஓடும், அவன் யார் என்று நீ சொல்ல முடியுமா? இங்கே தெருமுனையில் கத்துவதற்கு உன் தங்கை இருந்தாள். அங்கே நீ அந்தப் பக்கம் இறங்கிப் போன பிறகு யார் இருப்பார்கள்? அந்தக் குழந்தை படிக்கிற நேரத்தில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பாதையில் வந்து நிற்கவும் ஆரம்பிக்கும். அதனால் பைகளைப் பிரித்துவிடு. மிட்டாயை எடுத்துவிடு, மலை மேலே பல் வலித்தால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? பென்சிலை மட்டும் தனியாகக் கட்டி வை. உங்களுக்கு வழி காட்ட வருகிறவரிடம் முன்னாலேயே கேள், பள்ளிக்கூடம் இருந்தால் டீச்சரிடம் கொடு, எப்போது யாருக்கு என்பதை அவரே பார்த்துக்கொள்ளட்டும், நீ பக்கத்தில் நின்று படம் எடுக்காதே. வேண்டாம் என்று அவர் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் திருப்பிக் கொண்டுவா. பிள்ளைகள் ஓடி வந்தால் என்ன செய்வான் பாவம் என்றேன். தங்கை தானாகவே, அந்த ஊர்ப் பேச்சில் வணக்கம் சொல்லக் கற்றுக்கொள்ளட்டும், நேரம் இருந்தால் அவர்களோடு கண்ணாமூச்சி ஆடட்டும், அண்ணனுக்குத்தான் ஒளியவே தெரியாதே, எல்லாருக்கும் சந்தோஷமாக இருக்கும் என்கிறாள்.

இன்று காலை சில்வண்டு கடை வாசல் வழியாகப் போனாள். ஆசையாகக் கூப்பிட்டேன். நின்றாள், என்னைப் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசாமல் அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா தலையசைத்த பிறகுதான் என் பக்கம் வந்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவள் அப்படித் திரும்பிப் பார்த்ததும்தான் இத்தனை நாளில் முதல் தடவையாக எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

ஏறுகிற காலும் இறங்குகிற காலும் வழுக்காமல், கூடப் போகிறவர்களும் நீயும் நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும், நூறு வயது இருக்க வேண்டும். கம்பளி உள்சட்டையை மறக்காதே. கிளம்புவதற்கு முன்னால், பைகளைப் பிரித்துவிட்டேன் என்று ஒரே ஒரு வரி அனுப்பு, அது வரும்வரை நான் தூங்க மாட்டேன்.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா

(கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள் அண்ணா. அம்மா நிஜமாகவே தூங்குவதில்லை. சீக்கிரம் அனுப்பு. தங்கை.)